பக்கத்துத் தோட்டத்துப் பூண்டு

மன்னவனூர் விவசாயி ஒருவர் தன் தோட்டத்தில் பிடுங்கிக் காயவைத்த பூண்டு, அவர் கையில் இருக்கும்வரை இந்திய உணவுச் சட்டத்தின் கணக்கில் வராது. அதையே பக்கத்துத் தோட்டக்காரர் வாங்கி, அந்தப் பங்குக்கு வியாபாரியாக மாறி, தன் பூண்டோடு சேர்த்து விற்கக் கிளம்பினால் அது உணவுப்பொருளாகிவிடும். கிண்டலுக்குச் சொல்லவில்லை. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் முதன்மை உணவு என்று எதைச் சொல்கிறது தெரியுமா? விளைந்தபடியே, இயற்கை வடிவில், விவசாயியோ மீனவரோ அல்லாத ஒருவர் கைக்கு வந்துசேர்ந்த விளைபொருளைத்தான். 18(3) பிரிவு இன்னும் வெளிப்படையானது. விவசாயிக்கும், அவர் தோட்டத்தளவில் விளைவித்ததற்கும் இந்தச் சட்டம் பொருந்தாது என்று அது விலக்கியே வைத்துவிடுகிறது.

நோக்கம் நல்லதுதான். உழுகிறவன் வாசலில் உணவு ஆய்வாளர் போய் நிற்கக் கூடாது என்று நினைத்தார்கள். ஆனால் அவர்கள் மனத்தில் இருந்த விவசாயி, சந்தையில் வியாபாரியிடம் மூட்டையை இறக்கிவிட்டுப் பணத்தோடு வீடு திரும்புகிறவர். பூண்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, ஜிபே எண் கொடுத்து, அரைக் கிலோ பெட்டியைச் சென்னைக்குக் கூரியர் செய்கிற விவசாயி அன்று யார் கண்ணிலும் படவில்லை. இன்று படுகிறார். அவர் தன் பூண்டை மட்டும் விற்றால் ஒரு சட்டம், பங்காளி பூண்டையும் சேர்த்து விற்றால் வேறொரு சட்டம். கொடைக்கானல் மேல்மலையில் இணைய விற்பனை இந்தக் கோட்டின் மேல்தான் நடக்கிறது. கோடு தவறான இடத்தில் கிழிக்கப்பட்டிருக்கிறது என்பது என் கட்சி.

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாக மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். ஏரிக்கும் புல்வெளிக்கும் சுற்றுலாக் கூட்டம் வருகிறது. மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இங்கே ஆடும் முயலும் வளர்க்கிறது. ஊரின் பிழைப்பு என்னவோ அடுக்கு வயல்களில்தான்: உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், எல்லாவற்றுக்கும் மேலாகப் பூண்டு. மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, பூண்டி, கூக்கால் என்று மேல்மலைக் கிராமங்களில் விளையும் இந்தப் பூண்டில் சிங்கப்பூர் ரகம், மேட்டுப்பாளையம் ரகம் என்று இரண்டு உண்டு. ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம். தாளோடு கட்டி வீட்டுக்குள் புகை படும் இடத்தில் தொங்கவிடுவார்கள்; பக்குவமாக வைத்தால் ஒரு வருடம் தாங்கும். கொடைக்கானல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையினர் முன்னின்று எடுத்த முயற்சியில், 2019 ஜூலையில் ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ புவிசார் குறியீடு பெற்றது. பெயருக்கு மதிப்பு வந்த பிறகுதான் நேரடி விற்பனை ஆசை ஊருக்குள் வேகமெடுத்தது. அதில் ஆச்சரியமில்லை.

அதுவரை, ஏன் இன்றைக்கும் பெரும்பகுதி, மேல்மலைப் பூண்டு மலையிறங்கிப் பெரியகுளத்துக்குப் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்குத்தான் போகிறது. சந்தையில் சட்டம் குறைவு, கண் அதிகம். வாங்குகிறவர் ஒரு பூண்டை எடுத்து அழுத்திப் பார்ப்பார், தோலைக் கீறி முகர்வார், தராசு முள்ளைப் பார்ப்பார், விலை படியாவிட்டால் நகர்ந்துவிடுவார். விற்பவர் யார், எந்த ஊர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். இணையத்தில் இவை ஒன்றும் நடக்காது. வாங்குபவர் அங்கே இல்லை. இணைய விற்பனைக்கென்று வந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால், இல்லாத அந்த ஆளின் கண், கை, மூக்கு செய்த வேலையை எழுத்தில் செய்யவைக்கும் ஏற்பாடாகவே தெரிகின்றன.

எடையில் தொடங்கலாம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம், வாங்குபவர் உடனில்லாதபோது, முன்கூட்டியே முடிவு செய்த அளவில் உறையிலிட்ட எந்தப் பொருளையும் பொட்டலப்பொருள் என்கிறது. உறை ஒட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதுகூட முக்கியமில்லை; வாங்குபவர் இல்லாமல் கட்டினீர்களா என்பதே கேள்வி. ஆக, கூரியரில் போகிற ஒவ்வொரு பூண்டுப் பெட்டியும் பொட்டலப்பொருள். உணவுச் சட்டம் விவசாயிக்குக் கொடுத்த விலக்கு இங்கே இல்லை. 2011ஆம் ஆண்டின் பொட்டலப்பொருள் விதிகள் விளைபொருளுக்குத் தருகிற தனிச் சலுகை 50 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டைக்கு மட்டும். மூட்டையாக வியாபாரிக்குப் போட்டால் கேள்வி இல்லை. அரைக் கிலோவாகச் சாப்பிடுகிறவருக்கே அனுப்பினால் முழு விதியும் பொருந்தும்.

முழு விதி என்றால்: கட்டியவர் பெயர், முழு முகவரி, பொருளின் பெயர், நிகர எடை, கட்டிய மாதமும் ஆண்டும், எல்லா வரியும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, புகார் சொல்லத் தொலைபேசியும் மின்னஞ்சலும். அலகு விலையும் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். தங்கத்துக்குக் கிராம் விலை சொல்லிக் கேட்டிருக்கிறோம், இனிப் பூண்டுக்கும். பொட்டலம் கட்டி விற்பவர் 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டித் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 27ஆம் விதி. தமிழ்நாட்டில் இதையெல்லாம் பார்த்துக்கொள்வது தொழிலாளர் துறை. கடை, கம்பெனி விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் விவசாயிக்கு, தன் பூண்டும் அந்தத் துறையின் வரம்புக்குள் வருகிறது என்று யாரும் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.

2018 ஜனவரி 1 முதல் இவற்றில் கட்டிய மாதம், ஆண்டு நீங்கலாக மற்றவற்றை விற்பனைப் பக்கத்திலேயே காட்ட வேண்டும் என்றும் ஆனது. பொட்டலத்தைப் புரட்டிப் பார்க்க முடியாதவருக்குத் திரையில் அது தெரிய வேண்டும் என்பது சரியான யோசனை. பூண்டு விலை வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும் என்பதும், அச்சிட்ட அதிகபட்ச விலை அந்த ஏற்றத்தோடு ஓடிவராது என்பதும் விதி எழுதியவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

எடைக் குறைவுக்கு விதிகள் கொஞ்சம் இடம் கொடுக்கின்றன. 200 முதல் 300 கிராம் வரையிலான பொட்டலத்தில் 9 கிராம், 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை 15 கிராம், அவ்வளவு வரை குறையலாம். பெரிய இயந்திரத்தில் சர்க்கரை நிரப்புகிறவருக்கு இது தாராளம். பூண்டுக்கு? ஒரு பூண்டே 20 கிராமுக்குக் குறையாது. அரைக் கிலோ பெட்டியில் ஒன்றே ஒன்று குறைந்தால் விதி மீறப்பட்டுவிட்டது. அத்தோடு பூண்டு உலரும். ஈரப்பதம் மிகுந்த மன்னவனூரில் நிறுத்துக் கட்டிய பெட்டி, மே மாதத்து மதுரையில் நான்கு நாள் கிடங்கில் கிடந்தால் எடை இறங்கத்தான் செய்யும். அனுபவப்பட்டவர் ஒன்றிரண்டு பூண்டு கூடவே போட்டுக் கட்டுவார். சந்தையில் அதற்குப் பெயர் கொசுறு, வாங்குபவர் மனம் குளிரப் போடுவது. இங்கே அது சட்டத்துக்குப் பயந்து போடும் கொசுறு.

பெயரும் முகவரியும் அடுத்த சங்கதி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. மூன்று நாள் கழித்து மின்வணிக விதிகள் வந்தன. சொந்தத் தளம் நடத்தினாலும் சரி, பெரிய தளத்தில் கடை விரித்தாலும் சரி, சட்டப்படியான பெயர், முகவரி, தொடர்பு விவரம், குறைதீர் அலுவலர் ஒருவரின் பெயர் எல்லாம் காட்ட வேண்டும். புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வாங்குபவர் சார்பில் முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டிகள் கூடாது. வாங்கியவர் போல நடித்து மதிப்புரை எழுதக் கூடாது. மச்சானை விட்டு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்வதும் இதில் அடக்கம்.

தொழில்முறையாக அல்லாமல், சொந்த முறையில் எப்போதாவது ஒன்றை விற்கும் தனியாளுக்கு மட்டும் இந்த விதிகள் விலக்களிக்கின்றன. வருடத்தில் இரண்டு போகம் பூண்டு எடுத்து ஒவ்வொரு போகத்திலும் விற்பவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். அதற்கு மேல் அளவுப் படிநிலை எதுவும் விதிகளில் இல்லை. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கான கோடி புரட்டும் தளத்துக்கு என்ன குறைதீர் அலுவலரோ, அதே அலுவலர் ஏற்பாடு ஒரு குழிப் பூண்டு போட்டவருக்கும். பூண்டு விற்பவரும், அனுப்புகிறவரும், புகார் கேட்பவரும், பதில் எழுதுகிறவரும் ஒரே ஆள். அவர் காலையில் களையெடுக்கப் போயிருப்பார். வாட்ஸ்அப் வழியே மட்டும் விற்பவர் இந்த விதிகளில் தளம் நடத்துபவரா, தளத்தில் விற்பவரா, இரண்டுமில்லையா என்பதற்கு விதிகளின் விளக்கங்களைப் படித்து நேரான பதில் எடுக்க முடியவில்லை. வழக்கு வந்தால் அன்று வாதாடித் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

முகவரி விஷயத்தில் எனக்கு வேறொரு மனத்தாங்கலும் உண்டு. வீட்டிலிருந்து ஊறுகாயோ சோப்போ செய்து விற்கும் பெண், தன் வீட்டு முகவரியையும் கைபேசி எண்ணையும் ஊர் பார்க்க அச்சிட்டாக வேண்டும். வாங்குபவருக்கு அந்த விவரம் வேண்டும் என்பது உண்மை. விற்பவருக்கு அதனால் வரும் தொல்லையும் உண்மை. ஜப்பானில் இதே சிக்கல் வந்தது. அங்கும் இணையத்தில் விற்பவர் பெயரும் முகவரியும் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். தனியாட்கள் பெருகியதும், தளம் பொறுப்பேற்றுக்கொண்டால் வீட்டு முகவரிக்குப் பதில் தளத்தின் முகவரியையே காட்டலாம் என்று அந்நாட்டு நுகர்வோர் விவகார முகமை வழிவிட்டது. புகார் போய்ச் சேர ஓர் இடம் இருந்தால் போதும், அது படுக்கையறை இருக்கும் வீடாக இருக்க வேண்டியதில்லை. நம் விதிகளில் இந்த யோசனை இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

புகார் வழக்கானால் எங்கே நடக்கும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில், விற்றவர் இருக்கும் இடத்திலோ வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் புகார் தர முடியும். புதிய சட்டத்தின் 34ஆவது பிரிவு புகார்தாரர் வசிக்கும் ஊரிலும் தரலாம் என்றது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இணையத்திலேயே தாக்கல் செய்யலாம். குருகிராமில் இருப்பவர் அரைக் கிலோ பூண்டு சரியில்லை என்று அங்குள்ள மாவட்ட ஆணையத்தில் புகார் போட்டால், மன்னவனூர்க்காரர் திண்டுக்கல்லில் பதில் சொல்ல முடியாது. வாங்குபவரை மனத்தில் வைத்துப் பார்த்தால் இது அருமையான மாற்றம். பெரிய நிறுவனங்கள் தங்கள் ஊர் நீதிமன்றத்துக்கு இழுத்தடித்த காலத்துக்கு முடிவு கட்டியது. அந்த நிறுவனத்தின் இடத்தில் ஒரு பூண்டு விவசாயி உட்கார்ந்திருப்பார் என்று எழுதியவர்கள் கற்பனை செய்யவில்லை, அவ்வளவே. காணொளி வழியே விசாரணை கேட்க 38ஆவது பிரிவில் இடம் இருப்பது ஆறுதல். மேல்மலையில் சிக்னல் கிடைக்கும் மேடு எது என்று தெரிந்தவருக்கு இன்னும் ஆறுதல்.

திருப்பி எடுப்பது பற்றி ஒரு தப்பபிப்பிராயம் பரவலாக இருக்கிறது. வாங்கியவருக்கு மனம் மாறினால் திருப்பி எடுத்தே ஆக வேண்டும் என்று இந்தியச் சட்டம் சொல்லவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்த உரிமை உண்டு, 14 நாள். சீக்கிரம் கெட்டுப்போகும் பொருள் போன்ற சிலவற்றுக்கு விலக்கு. நம் விதிப்படி பொருள் பழுது, போலி, விளம்பரத்தில் சொன்ன குணம் இல்லை, சொன்ன நாளுக்குள் வரவில்லை என்றால் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. தாமதத்துக்கு மட்டும், விற்பவர் கையை மீறிய காரணம் இருந்தால் விலக்கு உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையில் மண் சரிந்து வண்டி நிற்பது இந்த விலக்குக்குப் பொருத்தமான உதாரணம். ‘மூன்று நாளில் வீட்டு வாசலில்’ என்று போட்டுவிட்டு மழையைக் காரணம் சொல்வதைவிட, ‘மழைக்காலத்தில் தாமதமாகலாம்’ என்று முதலிலேயே எழுதிவிடுவது புத்திசாலித்தனம்.

இதுவரை சொன்னது பிடுங்கியபடி விற்கும் பூண்டுக்கு. மலைச் சுற்றுலாவில் இப்போது சக்கைப்போடு போடுவது தேன்பூண்டு. உரித்த பல்லைத் தேனில் ஊறவைத்துப் பாட்டிலில் அடைத்தது. உரித்து, ஊறவைத்து, மூடி போட்டுவிட்டால் அது விளைபொருள் இல்லை, தயாரித்த உணவு. விவசாயி என்ற விலக்கு அந்தப் பாட்டிலின் மூடியோடு முடிந்தது. 2011ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை முதலில் வகுத்த கணக்குப்படி ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் என்றால் எளிய பதிவு, வருடத்துக்கு 100 ரூபாய். அதற்குமேல் உரிமம். பாட்டிலில் சேர்மானப் பட்டியல், பச்சைச் சைவக் குறி, தொகுதி எண், எப்போதைக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற தேதி, பதிவு எண் எல்லாம் வேண்டும். நூறு ரூபாய்ப் பதிவு மலிவானதுதான், செய்துகொள்ளாததற்கு நியாயமே கிடையாது. இந்த இடத்தில் நான் சட்டத்தின் பக்கம். மூடிய பாட்டிலுக்குள் கிருமி வளர்ந்தால் அதைச் சாப்பிட்டவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போவார்.

ஆபத்து பெரும்பாலும் பாட்டிலுக்கு வெளியே, விளம்பர வாசகத்தில் இருக்கிறது. பூண்டு என்றால் ரத்த அழுத்தம் குறையும், சர்க்கரை கட்டுக்குள் வரும், இதய அடைப்பு நீங்கும் என்று எழுதாமல் யாருக்கும் கை நிற்பதில்லை. பாட்டி சொன்னால் வைத்தியம். விற்பவர் எழுதினால் 1954ஆம் ஆண்டின் மருந்து மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் குறுக்கே வருகிறது. அதன் அட்டவணையிலுள்ள நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. நீரிழிவும் இதய நோயும் ரத்த அழுத்தமும் அந்த அட்டவணையில் இருக்கின்றன. குணமாக்கும் என்று சொன்ன மாத்திரத்தில் உணவை மருந்தென்று சொல்லி விற்றதாகிவிடும். உணவுச் சட்டத்தின் 53ஆவது பிரிவும் தன் பங்குக்குத் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. ‘சமையலுக்கு மணமான மலைப்பூண்டு’ என்று எழுதினால் ஒருவரும் கேட்கப்போவதில்லை. விற்பனை குறையுமோ என்னவோ.

ஜி.எஸ்.டி. பற்றி ஊரில் இருக்கும் பயம் தேவைக்கு அதிகமானது. பச்சைப் பூண்டுக்கு வரியே இல்லை. தன் நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயி அந்த அளவுக்குப் பதிவு செய்துகொள்ளவும் வேண்டாம். தேன் அப்படியில்லை, 2022 ஜூலை 18 முதல் பொட்டலமிட்டுச் சீட்டு ஒட்டிய தேனுக்கு 5 சதவீத வரி. பூண்டைப் பற்றி வரி அதிகாரிகளும் நீதிமன்றங்களும் அவ்வப்போது குழம்புவது வேறு கதை. காய்கறியா மசாலாவா என்று மத்தியப் பிரதேசத்தில் ஆண்டுக்கணக்காக வழக்கு நடந்து, 2024இல் உயர் நீதிமன்றத்தின் இந்தூர் அமர்வு காய்கறிதான் என்றது. நாட்டிலேயே அதிகம் பூண்டு விளையும் மாநிலம் அது, அவர்களுக்கே இந்தச் சந்தேகம்.

இனிப் பெயருக்கு வருவோம். ‘கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று எழுதி விற்க யாருக்கு உரிமை? அந்த மண்ணில் விளைவித்தால் போதும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு படி கூட வைத்திருக்கிறது. குறியீடு ஒரு கூட்டுச் சொத்து. அதைப் பயன்படுத்தும் தனி உரிமை, சென்னை கிண்டியிலுள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளர் என்று பதிந்துகொண்டவருக்கே; மீறியவர்மேல் வழக்குப் போடும் தகுதி குறியீட்டைப் பதிவு செய்தவருக்கும் அவருக்கும். விண்ணப்பக் கட்டணம் 500 ரூபாயாக இருந்தது. 2020இல் 10 ரூபாயாக்கினார்கள். பத்து ரூபாய்க்கு இதைவிட மதிப்பான காகிதம் மேல்மலையில் கிடைக்காது. வெளிமாநிலப் பூண்டைச் சுற்றுலாப் பாதையில் மலைப்பூண்டு என்று தள்ளிவிடுவது பழைய புகார். இணையத்தில் அது இன்னும் சுலபம், மலையின் படம் ஒன்று போட்டால் போதும். பொய்யாகக் குறியீட்டை இட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று சட்டத்தில் இருக்கிறது. எழுந்து புகார் தரப் பதிவு செய்த பயன்பாட்டாளர்கள் வேண்டும். விளைந்த நாடு எது என்று தளம் காட்டியாக வேண்டும் என்ற விதி, சீனப் பூண்டைப் பிரித்துக்காட்ட உதவும். அதன் இறக்குமதிக்கோ 2014 முதல் தடையே இருக்கிறது. இந்தியா என்று எழுதியிருந்தால், அது மன்னவனூரா மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரா என்பதை அந்த விதி சொல்லாது.

இடத்தின் பெயரை வைத்து இணையத்தில் ஏமாற்றினால் அரசு அசையவே அசையாது என்றும் சொல்வதற்கில்லை. 2024 ஜனவரியில், அயோத்தி ராமர் கோயில் பிரசாதம் என்ற பெயரில் சாதாரண இனிப்புகள் விற்கப்பட்டதற்காக மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு நோட்டீஸ் அனுப்பியது. நிறுவனம் அந்தப் பட்டியல்களை நீக்கியது. கோயிலுக்குக் கிடைத்த வேகம் பூண்டுக்குக் கிடைக்குமா என்பது வேறு. ஐரோப்பாவில் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய புவிசார் குறியீட்டு ஒழுங்குமுறை, இணைய விற்பனையையும் தளப்பெயர்களையும் நேரடியாகவே தன் வரம்புக்குள் கொண்டுவந்துவிட்டது. பூண்டோ பாலாடைக்கட்டியோ, பெயரைத் திருடி விற்கும் பக்கத்தை இறக்கவைக்க அங்கே வழி தெளிவு.

இந்தப் புவிசார் சட்டத்தில் யார் உற்பத்தியாளர் என்று பார்த்தால் வியப்பாக இருக்கிறது. விளைவித்தவர் மட்டும் இல்லை; விளைபொருளைப் பக்குவம் செய்பவர், பொட்டலம் கட்டுபவர், அதில் வியாபாரம் செய்பவர்கூட அதன் விளக்கத்துக்குள் வருகிறார். ஜி.எஸ்.டி. சட்டத்துக்கு விவசாயி என்றால் தன் உழைப்பாலோ, குடும்பத்தார் உழைப்பாலோ, தன் மேற்பார்வையில் கூலியாள் வைத்தோ நிலம் உழும் தனியாள் அல்லது இந்துக் கூட்டுக் குடும்பம். உணவுச் சட்டத்துக்கு, விளைந்த பொருளைத் தன் கையில் வைத்திருக்கும்வரை மட்டும் விவசாயி. ஒரே ஆள், ஒரே பூண்டு, மூன்று சட்டத்தில் மூன்று பதில்.

காகிதத்தில் இது சிறு முரண். மன்னவனூரில் இதன் விளைவு பெரிது. ஒரு குடும்பத்தின் பூண்டு மட்டும் வைத்து இணையக் கடை நடத்த முடியாது. இரண்டு வாரத்தில் சரக்கு தீர்ந்துவிடும், அடுத்த போகம் வரை கடை மூடிக் கிடக்கும். கூரியர் கட்டணம் குறைய வேண்டுமானால் எண்ணிக்கை வேண்டும். அட்டைப் பெட்டியும் வலைப்பையும் மொத்தமாக வாங்க வேண்டும். ஒருவர் படம் எடுக்க, ஒருவர் கணக்கு எழுத, ஒருவர் கொடைக்கானல் வரை கொண்டுபோய்ப் போட என்று வேலை பிரிய வேண்டும். பத்து வீட்டுப் பூண்டு ஒன்று சேர்ந்தால்தான் இது நடக்கும். பத்து உற்பத்தியாளர்கள் கூடினால் கம்பெனிச் சட்டப்படி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கலாம். அரசே தொடங்கச் சொல்லி ஊக்கத்தொகையும் தருகிறது. தொடங்கிய நாளில், தனித்தனியாக இருந்தவரை அந்தப் பத்துப் பேருக்கும் இருந்த விலக்குகள் கழன்றுகொள்ளும். நிறுவனம் விவசாயி ஆகாது. பத்துப் பேரின் பூண்டும் இப்போது விவசாயி அல்லாத ஒருவர் கையில் இருக்கும் முதன்மை உணவு. ஒரு துறை கூடச் சொல்கிறது, இன்னொரு துறையின் சட்டம் தனியாக இருந்தால்தான் லாபம் என்கிறது. புவிசார் குறியீடோ கூட்டாக இல்லாமல் பெறவே முடியாதது.

இந்தக் குழப்பத்தால் ஊர் விற்பனையை நிறுத்திவிடப்போவதில்லை. வாட்ஸ்அப் குழுவில், இன்ஸ்டாகிராமில், சுற்றுலா வந்து நம்பர் வாங்கிப் போனவர்களுக்கு என்று அது சீட்டும் பதிவும் இல்லாமல் போய்க்கொண்டே இருக்கும். எனக்கு இதில் பிடிக்காத அம்சம், நல்லவர் கெட்டவர் பேதம் அழிந்துபோவது. மலையில் விளைவித்து நிறையப் போட்டு அனுப்புபவரும் சீட்டு ஒட்டுவதில்லை, சமவெளிப் பூண்டை மலைப்பூண்டு என்று அனுப்புபவரும் ஒட்டுவதில்லை. இருவரையும் வாங்குபவரால் பிரித்தறிய முடியாது. வாங்கியவர்களின் பெயர், முகவரி, எண் எல்லாம் கைபேசியில் கிடக்கின்றன. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வந்து, பெரும்பாலான கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலையும் இனி ஒருவர் பொறுப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். தனியாளைவிட ஒரு நிறுவனத்துக்கு அது சாத்தியம்.

தீர்வுக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. உணவுத் துறையின் உள்ளேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. இயற்கை உணவு ஒழுங்குமுறை 2017இல் வந்தது. சான்றிதழ் இல்லாமல் ‘ஆர்கானிக்’ என்று விற்கக் கூடாது என்று சொன்ன அந்த ஒழுங்குமுறை, உண்பவருக்கு நேரடியாக விற்கும்போது விளைவித்தவருக்கு மட்டுமல்லாமல் விளைவித்தவர்களின் அமைப்புக்கும் அதே விலக்கைக் கொடுத்தது. பிறகு அதற்கு விற்பனை வரம்பு வைத்தார்கள்: தனி உற்பத்தியாளருக்கு ஆண்டுக்கு 12 லட்சம், திரட்டி விற்பவருக்கு 50 லட்சம். ஜைவிக் பாரத் என்ற இயற்கை உணவு முத்திரையை மட்டும் போட்டுக்கொள்ளக் கூடாது. எவ்வளவு நிதானமான ஏற்பாடு. கூடியவர்களை வியாபாரி என்று தள்ளாமல், அளவு பார்த்து, முத்திரையை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு விட்டுவிட்டார்கள்.

இதே அளவுகோல் மற்ற இடங்களுக்கும் போக வேண்டும். உறுப்பினர் தோட்டத்தில் விளைந்ததை விளைந்தபடி விற்கும் உழவர் நிறுவனத்துக்கு அலகு விலையும் அச்சிட்ட அதிகபட்ச விலையும் வேண்டாம், எடையும் ஊரும் கட்டிய தேதியும் கட்டாயம் என்று எழுதலாம். ஒரு பூண்டின் எடையைவிடச் சிறிய பிழை வரம்பை விளைபொருளுக்கு மாற்றலாம். குறைதீர் அலுவலரை ஊருக்கொருவராக, முகவரியை நிறுவனத்தின் முகவரியாக அனுமதிக்கலாம். எடையளவு விதிகளும் மின்வணிக விதிகளும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை ஒன்றின் கையிலேயே இருப்பவை; அரசிதழில் ஓர் அறிவிக்கை போட்டால் திருத்தம் முடிந்தது. விவசாயி கையிலிருந்து விவசாயிகளின் நிறுவனம் கைக்குப் போகிற பூண்டு என்ன ஆகிறது என்ற உணவுச் சட்டத்தின் விளக்கத்தை மாற்றத்தான் நாடாளுமன்றத்துக்குப் போக வேண்டும்.